அமுகே இழுத்து இறக்கிய வளைவு

எங்கள் கடையில் தட்டச்சு செய்யும் அமுகேவுக்குக் கணக்கு வராது. உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் வருஷமான இரண்டாம் சீனியர் வகுப்போடு படிப்பை விட்டவள். எத்தனை கட்டுக் காகிதம் வாங்க வேண்டும் என்பதற்குக்கூட நகல் இயந்திரத்தின் பக்கம் திரும்பி என்னைத்தான் கேட்பாள். ஆனால் உகாண்டாவில் எங்கள் ஊரான சொரோட்டியில் ஏழு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்களுக்கும் கேள்வித்தாளில் ஒரு வளைவு வேண்டுமென்றால், ஊர் நடுவே நிற்கும் பெரிய பாறைக்குக் கீழே இருக்கும் எங்கள் கடைக்கு வந்து அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நிற்பார்கள்.

முன்பெல்லாம் அவர்களே பேனாவால் வரைந்து கொடுப்பார்கள். நான் நகல் எடுப்பேன். நாற்பதாவது நகலில் வளைவு எது, கண்ணாடியில் செத்துக் கிடக்கும் கொசு எது என்று எனக்கே தெரியாது. ஒருநாள் வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வந்த ஒரு பெண் கணினியில் ஏதோ பக்கத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாள். இணையத்தில் இருக்கிற கணிப்பான் அது. இடதுபக்கம் சமன்பாட்டை அடித்தால் வலதுபக்கம் கட்டம் போட்ட தாளில் வளைவு தானாக ஓடி வந்து நிற்கும். எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தை அடித்தால் கீழே ஒரு குமிழ் முளைக்கும். குமிழை இழுத்தால் வளைவும் கூடவே நகரும். அன்றைக்கு அமுகே அந்தக் குமிழை இழுத்தபடியே உட்கார்ந்திருந்தாள். நிலப் பத்திரம் அடிக்க வந்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

அவளுக்குச் சமன்பாடு புரியாது. ஆனால் வளைவுகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். எக்ஸ் ஸ்கொயர் என்றால் சட்டி. முன்னால் கழித்தல் குறி போட்டால் கவிழ்த்த சட்டி. சைன் வளைவு அலையடிக்கும் கியோகா ஏரி. ஒன்றை எக்ஸால் வகுத்தால் ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டு இரண்டு துண்டு வருமே, அது கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி. எக்ஸ் கியூபிலிருந்து எக்ஸைக் கழித்தால், ஒரு மேடும் ஒரு குழியுமாக வருகிற மலைப்பாம்பு. கடைசியில் கூட்டுகிற எண்ணைத் தொட்டால் பாம்பு உருவம் மாறாமல் மேலேயோ கீழேயோ போகும். எக்ஸுக்கு முன்னால் இருக்கும் எண்ணைத் தொட்டால்தான் நெளிவு மாறும். இதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும்.

ஏன் அப்படி என்று ஒருமுறை கேட்டேன். "ஏன்னு எல்லாம் கேக்காத. ஆட்டப் களி கிண்டும்போது மாவு எப்ப கெட்டியாகும்னு கைக்குத் தெரியுதுல்ல? அந்த மாதிரிதான்" என்றாள்.

அவளுக்கு ஒரு தங்கை, பெயர் அடெக்கே. நான்காம் சீனியர் படித்துக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில் அக்காவும் தங்கையும் மட்டும்தான். பள்ளி விட்டதும் அடெக்கே நேராகக் கடைக்கு வருவாள். இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அமுகே ஒரு வளைவை வரவழைத்துவிட்டுச் சமன்பாட்டை உள்ளங்கையால் மறைத்துக்கொள்வாள். வளைவைப் பார்த்தே அடெக்கே சமன்பாட்டைச் சொல்ல வேண்டும். தோற்றால் அவள் கடையைப் பெருக்க வேண்டும், ஜெயித்தால் நான். ஒரு வருஷமாக நான்தான் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஒரு செய்தி வந்தது. பெண்களுக்கான அறிவியல் விடுதிப் பள்ளி ஒன்று, எங்கள் ஊர்ப் பள்ளிகளிலிருந்து இரண்டு பெண்களைக் கட்டணமில்லாமல் ஐந்தாம் சீனியரில் சேர்த்துக்கொள்ளும். ஏழு பள்ளிகளும் சேர்ந்து நடத்தும் மாதிரித் தேர்வில் யார் கணக்கில் முதல் இரண்டு இடம் வாங்குகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த இடங்கள். அடெக்கே அன்று சாயங்காலமே விடுதிக்குக் கொண்டுபோகும் தகரப் பெட்டியைக் கழுவி, மூடியில் வெள்ளை பெயின்டால் தன் பெயரை எழுதிவிட்டாள். தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. "மார்க் வந்தப்புறம் எழுதக் கூடாதா?" என்று கேட்டேன். "பெயின்ட் காயணும்ல" என்றாள்.

ஆனால் அந்த மாதிரித் தேர்வின் கேள்வித்தாளை அடிக்கிற வேலையும் அமுகேவுக்குத்தான் வந்தது.

தேர்வுக்குப் பொறுப்பான தலைமை ஆசிரியை அப்போலோட் மேடம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு பைபிள் மேல் கை வைக்கச் சொன்னார். தேவாலயத்தில் அறிவிப்பு வாசிக்கிறவர் மாதிரியே எப்போதும் பேசுவார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பேனாவால் மேசையில் ஒரு தட்டு. தாளில் இருப்பதை யாரிடமும் பேசக் கூடாது. தட்டு. அச்சடித்து உறையில் போட்டு ஒட்டியதும் கணினியிலிருந்து அழித்துவிட வேண்டும். தட்டு. வாத்தியார்கள் கையால் எழுதிக் கொடுத்த தாள்களை அன்றைக்கே எரித்துவிட வேண்டும். இரண்டு தட்டு.

வீட்டுக்குப் போனதும் அமுகே, மூன்று வாரத்துக்குக் கடைப்பக்கம் வரக் கூடாது என்று தங்கையிடம் சொல்லிவிட்டாள். அடெக்கேவுக்கு முகம் சுருங்கிப்போனது.

"என்ன நம்பலயாக்கா நீ?"

"உன்ன நம்புறேன். ஊர நம்பல."

மூன்று வாரம் கடையை யாருமே பெருக்கவில்லை.

கணக்குத் தாளை எழுதியவர் ஒலுகா சார். நல்ல மனிதர், ஆனால் எதைச் சொல்வதற்கு முன்னும் தொண்டையைச் செருமிக்கொள்வார். சொல்லி முடித்ததும் "புரியுதா, புரியலயா?" என்று ஒரு முத்திரை. நான் அவரைப்போலச் செருமிக் காட்டினால் அமுகே விசைப்பலகையின் மேல் கவிழ்ந்து சிரிப்பாள். அன்று உண்மையான ஒலுகா சாரே வந்து நின்று செருமியபோது, நான்தான் என்று நினைத்து, "போடா, வேலையப் பாரு" என்றாள். அந்த வேலை அப்படித்தான் ஆரம்பித்தது.

அவர் கொடுத்த தாளில் பன்னிரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று.

y = x³ − 3x + 3

இந்த வளைவு படுக்கைக் கோட்டை மூன்று இடங்களில் வெட்டுகிறது, படத்தைப் பார்க்கவும். அட்டவணை போட்டு, வரைபடத் தாளில் வரைந்து, அந்த மூன்று இடங்களையும் கண்டுபிடி என்று எழுதியிருந்தார். பக்கத்தில் அவர் கையால் வரைந்த பாம்பு. மேடு கோட்டுக்கு மேலே, குழி கோட்டுக்குக் கீழே, மூன்று வெட்டு.

அமுகே சமன்பாட்டை அடித்தாள். பாம்பு வந்தது. ஆனால் குழி கோட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. இடதுபுறம் வால் மட்டும் ஓரிடத்தில் கோட்டைக் கடந்தது.

"சார், குழி கோட்டத் தொடல" என்றாள். "ஒரு இடத்துலதான் வெட்டுது. கடைசி எண் மூணா, ஒண்ணா? ஒண்ணுன்னா நீங்க வரஞ்ச மாதிரியே வந்துரும்."

ஒலுகா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரையைப் பார்க்காமல் தன் தாளைப் பார்த்தார். "ம்க்கும். மூணுதான் எழுதியிருக்கு. நாலு பேர் பாத்துக் கையெழுத்துப் போட்ட தாளு. உங்க கடையில நெட் சரியில்ல."

"நெட் சரியில்லன்னா வளைவே வராது சார். தப்பா வராது."

"அமுகே, நீ எத்தனாவது வரைக்கும் படிச்ச?"

அமுகே திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரே சொன்னார்: கேள்வி எழுதியபடியே இருக்க வேண்டும், படம் அவர் வரைந்தபடியே இருக்க வேண்டும், யோசிக்கிற வேலையை அவர் பார்த்துக்கொள்வார், அவள் அடித்தால் போதும். புரியுதா, புரியலயா?

அமுகே கடைசி எண்ணை அழித்து ஓர் எழுத்தைப் போட்டாள். குமிழ் வந்தது. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று மெதுவாக இழுத்தாள். பாம்பு முழுசாகக் கீழே இறங்கி, குழி கோட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. மூன்று வெட்டு. "பாத்தியா, வந்துருச்சு" என்றார் ஒலுகா சார், திருப்தியாக. அந்தப் படத்தை எடுத்துத் தாளில் ஒட்டினாள். மேலே கேள்வியில் மூன்று அப்படியே இருந்தது.

சாயங்காலம் தாள்கள் உறைக்குள் போயின. கணினியில் இருந்ததை அழித்தோம். கையெழுத்துத் தாள்களை அமுகே கடை வாசலில் இருந்த கரியடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டாள். அடுப்பின் மேல் தேநீர்ப் பாத்திரம் இருந்தது. ஒலுகா சாரின் பாம்பில் கொதித்த தேநீரை நானும் ஒரு கோப்பை குடித்தேன்.

பிறகு வந்த பத்து நாள் அவளுக்கு எப்படிப் போனது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஒருநாள் மதியம், அப்போலோட் மேடத்திடம் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினாள். பள்ளி வாசல் காவலாளி யாரைப் பார்க்கணும் என்று கேட்டிருக்கிறார். தாளில் இருப்பதை யாரிடமும் பேசுவதில்லை என்று பைபிள் மேல் வைத்த கை. யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். வீட்டில் அடெக்கே தரையில் வரைபடத் தாளை விரித்து, வளைவு வளைவாகப் பழகிக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க முடியாமல் இவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். "எனக்கு எதுவும் சொல்லித் தரமாட்டேங்கிற, பாக்கக்கூட மாட்டேங்கிற. நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று தங்கை கேட்டாளாம். தலைவலி என்று சொன்னாளாம் இவள். பத்து நாளும் தலைவலிதான்.

தேர்வு நடந்தது. ஏழு பள்ளியிலும் சேர்த்து முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். மதிப்பெண் பட்டியலை நகல் எடுக்க வந்த வாத்தியார்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. பிள்ளைகள் அட்டவணை ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்கள். எக்ஸ் பூஜ்யம் என்றால் மூன்று, ஒன்று என்றால் ஒன்று, இரண்டு என்றால் ஐந்து. வலதுபக்கம் எந்தப் புள்ளியும் கோட்டுக்குக் கீழே போகவில்லை. ஆனால் படத்தில் பாம்பு கீழே போகிறதே. அதனால் ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போகிற வழியில் பென்சிலை வேண்டுமென்றே குழிக்குள் தள்ளி, கோட்டுக்கு அடியில் ஒரு முழுக்குப் போட்டு, மறுபடி மேலே ஏற்றியிருக்கிறார்கள். ஊர் முழுக்க முன்னூற்றுப் பதினொரு முழுக்கு. நாலும் ஐந்துமாக மதிப்பெண் விழுந்திருந்தது.

ஒரே ஒரு தாளில் மட்டும் முழுக்கு இல்லை. அரையையும் ஒன்றரையையும் கூடப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்த வளைவு ஓரிடத்தில் மட்டுமே வெட்டுகிறது, படத்தில் இருப்பது இந்தச் சமன்பாட்டின் வளைவு இல்லை என்று இரண்டு வரி எழுதியிருந்தது. திருத்திய வாத்தியார் வேறு பள்ளிக்காரர். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு போட்டுவிட்டு, யார் இந்தப் பிள்ளை என்று விசாரித்திருக்கிறார். அடெக்கே, தட்டச்சுக்காரியின் தங்கை என்று சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை எங்களைப் பள்ளிக்கு அழைத்தார்கள். கடைக் கணினியையும் தூக்கிக்கொண்டு போனோம். இணையம் என் தொலைபேசியிலிருந்து என்பதால் நானும் உள்ளே நின்றேன். அப்போலோட் மேடம் பேனாவைத் தட்டாமல் கையில் பிடித்திருந்தார்.

"முன்னூத்திப் பன்னண்டு பேர்ல ஒருத்திக்கு மட்டும் படம் தப்புன்னு தெரிஞ்சிருக்கு" என்றார். "அவ உன் தங்கச்சி. நான் என்ன நினைக்கணும்னு நீயே சொல்லு அமுகே."

அமுகே கணினியைத் திறந்து அந்தக் கணிப்பானுக்குப் போய்ச் சமன்பாட்டை அடித்தாள். குழி கோட்டுக்கு மேலே நின்றது. மேடம் திரைக்கு அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்றிருந்த ஒலுகா சாரைப் பார்த்தார்.

ஒலுகா சார் செருமினார். "டைப்பிங் தப்பு, மேடம்."

எங்கள் ஊரில் தாளில் எது தப்பானாலும் இந்த இரண்டு வார்த்தைதான். மலேரியாவை மூளை வீங்கும் நோய் என்று யார் எழுதியிருந்தாலும், நைல் நதியைத் தெற்கே ஓடவிட்டிருந்தாலும் டைப்பிங் தப்பு. அமுகே பல வருஷமாக அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். இந்தத் தடவை, "சார் எழுதின தாள்லயே மூணுதான் இருந்துச்சு மேடம்" என்றாள்.

"எங்க அந்தத் தாளு?" என்றார் ஒலுகா சார்.

அமுகே என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தாளில் கொதித்த தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று நான் குறை சொன்னது ஞாபகம் வந்தது.

மேடம் தேர்வுக் குழுவிடம் தொலைபேசியில் பேச வேண்டும் என்று எங்களை வராந்தாவில் நிற்கச் சொன்னார். ஒலுகா சார் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பிறகு மெல்ல எங்கள் பக்கம் வந்தார். இந்த முறை செருமவில்லை.

"பழைய தாள் ஒண்ணப் பாத்து எழுதினேன், அமுகே. எண் மங்கலா இருந்துச்சு. நீ சொன்னப்பவே பாத்திருக்கணும்."

"இத உள்ள வந்து சொல்லுங்க சார்."

"சொல்லிரலாம். நான் தப்பா எழுதினேன், அமுகே அன்னிக்கே கண்டுபிடிச்சுச் சொன்னான்னு சொல்லிரலாம். ஆனா அப்ப தேர்வுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும்னு ஆயிடுமே. ஒரே வீட்ல இருக்கீங்க. உன் தங்கச்சி தானா கண்டுபிடிச்சான்னு யார் நம்புவா?"

அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசினார், சந்தேகமில்லை. ஆனால் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. அமுகே திருப்பித் திருப்பி யோசித்தாள் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் தங்கை திருடி. சொல்லாவிட்டால் இவள் கைத்தவறு. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று என்னைப் பார்த்தாள். அடுத்தவர் குரலில் பேசிக் காட்டுவதைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது?

உள்ளே மேடம் முடிவோடு இருந்தார். குழு இரண்டு வழி சொல்லியிருக்கிறதாம். தாள் வெளியே போயிருக்கிறது என்றால் விசாரணை, அடெக்கேவின் தாள் செல்லாது, அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. டைப்பிங் தப்பு என்று அமுகே எழுதிக் கையெழுத்துப் போட்டால் யார் மேலும் சந்தேகமில்லை. அந்தக் கேள்விக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் முழு மதிப்பெண். இதைச் சொல்லும்போது மேடத்தின் குரலில் தேவாலயம் இல்லை. "எனக்கும் வேற வழி தெரியல அமுகே" என்றார்.

"எல்லாருக்கும் பன்னண்டு குடுத்தா அடெக்கேவுக்கு என்ன ஆகும் மேடம்?"

மேடம் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். அடெக்கே எண்பத்தொன்று, முதலிடம். அடுத்தவள் எழுபத்தொன்பது, அதற்கடுத்தவள் எழுபத்தெட்டு. இருவரும் அந்தக் கேள்வியில் முழுக்குப் போட்டவர்கள், ஒருத்திக்கு நாலு, ஒருத்திக்கு ஐந்து. அவர்களுக்கு மீதி மதிப்பெண்ணும் சேர்ந்தால் எண்பத்தேழு, எண்பத்தைந்து. அடெக்கேவுக்குச் சேர எதுவும் இல்லை. அவள்தான் ஏற்கெனவே பன்னிரண்டும் வாங்கிவிட்டாளே.

கணக்கு வராத அமுகே இந்தக் கணக்கை என்னைக் கேட்காமலே போட்டுவிட்டாள்.

அந்தக் கடிதத்தை எங்கள் கடையில், எங்கள் கணினியில், அவளே அடித்தாள். "ஒன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் கவனக்குறைவால் மூன்று என்று தட்டச்சு செய்துவிட்டேன்." அடித்து முடித்து, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தாள். ஏழு பள்ளியின் அறிவிப்புப் பலகைக்கும் ஏழு நகல் வேண்டும் என்றார்கள். நான்தான் எடுத்தேன். எல்லாம் பளிச்சென்று வந்தன. அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, "ம்க்கும். புரியுதா, புரியலயா?" என்றேன். காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "புரியுது" என்றாள், வாத்தியாருக்குப் பதில் சொல்கிற மாணவி மாதிரி. அதற்குப் பிறகு நான் அந்தக் குரலை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். இரண்டு பெயர். மூன்றாவது பெயரை யாரும் ஒட்டுவதில்லை.

அடெக்கே பலகையைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். மூன்று வாரம் முடிந்து, அதற்குமேலும் பல நாள் ஆகி, அன்றுதான் வந்தாள். அழுத முகமாக இல்லை. ஏழு நகலில் ஒன்றை அங்கே படித்திருப்பாள் போல. அக்காவை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சமன்பாட்டை அடித்தாள், கடைசி எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தோடு. குமிழை மூன்றில் வைத்தாள். குழி மேலே நின்றது. பிறகு மெதுவாக இழுத்தாள். இரண்டு. ஒன்று. பாம்பு இறங்கி, தேர்வுத் தாளில் இருந்த அதே படமாக நின்றது. அதே மேடு, அதே குழி.

விரலை எடுக்காமல் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கேள்வியில மூணு கைதவறி விழுந்துச்சுன்னே வச்சுக்குவோம். அப்ப படத்த வரஞ்சப்ப உன் கை ஒண்ணுலதான் நின்னிருக்கணும். ஆனா நீ எப்பவும் கேள்விய அடிச்சுட்டுத்தான் அதப் பாத்துப் படம் வரைவ. மூணுன்னு அடிச்சுட்டு இங்க வந்து ஒண்ணுக்கு இழுத்திருக்க. அன்னிக்கே பாத்துட்டல்லக்கா?"

அமுகே மேசை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆமாம் என்றால், தெரிந்தும் பத்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள். இல்லை என்றால், தங்கையின் இடத்தைக் கைத்தவறில் தொலைத்தவள். இரண்டு பதிலும் அவள் முகத்தில் வந்து வந்து போயின.

ஒரு பெரியவர் அடையாள அட்டையோடு வாசலில் வந்து நின்று, ரெண்டு பக்கமும் ஒரே தாளில் வேண்டும் என்றார்.

"மெஷினப் போடு" என்றாள் அமுகே என்னிடம்.

போட்டேன். அது சூடாக எப்போதும் ஒரு நிமிஷம் எடுக்கும். அந்த ஒரு நிமிஷமும் அடெக்கே குமிழை மேலே ஏற்றினாள், கீழே இறக்கினாள், மேலே ஏற்றினாள். பிறகு எழுந்து, மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து, தோற்றவள் மாதிரி கடையைப் பெருக்க ஆரம்பித்தாள்.